முள்ளைத் திருத்தும் கலை

தமிழ் இலக்கியம் கற்பிக்கிற ஒருவன் படகு எஞ்சினின் ஆயில் பிரஷரைப் பற்றி எழுதுவது நண்பர்களுக்கு வேடிக்கையாகத் தோன்றக்கூடும். ஒரு மாணவனின் வீட்டுக்குப் போய்வராமல் இருந்திருந்தால் எனக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும்.

குளச்சலுக்கு மேற்கே ஒரு கடற்கரை ஊர் அவனுக்கு. இரண்டு வாரம் வகுப்புக்கு வரவில்லை. விசாரித்தபோது, அவன் தந்தை ஓட்டிச்சென்ற விசைப்படகு ஆழ்கடலில் எஞ்சின் பிடித்து நின்றுவிட்டது என்றும், இரண்டு இரவுகள் நீவாட்டின் போக்கில் அலைந்த பிறகு வேறொரு படகு கண்டு, கயிறு கட்டி இழுத்து வந்தது என்றும் தெரிந்தது. பார்க்கப் போனேன். திண்ணையில் அமர்ந்திருந்த அந்த மனிதர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "சாரே, முள்ளு நல்லாத்தான் நின்னுது" என்றார்.

அந்த ஒரு வாக்கியம் என்னை விடவில்லை. அவர் சொன்னது ஆயில் பிரஷர் கேஜின் முள்ளை.

எஞ்சினுக்குள் கிராங்கு தண்டு பேரிங்கின் மேல் நேராக உரசிச் சுழல்வதில்லை. இரண்டுக்கும் நடுவே மயிரிழையினும் மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்று இருக்கிறது. படகு கடலில் மிதப்பதுபோல, தண்டு எண்ணெயில் மிதந்து சுழல்கிறது. அந்தப் படலம் அறாதபடி எண்ணெயை அடியிலிருந்து உறிஞ்சி, வடிகட்டி, ஒவ்வொரு பேரிங்குக்கும் தள்ளுவது பம்பின் வேலை. எண்ணெய் எவ்வளவு விசையோடு போகிறது என்பதைத்தான் முள் காட்டுகிறது. காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கையில் எண்ணெய் கெட்டியாக இருப்பதால் முள் உயர்ந்து நிற்கும், சூடேறினால் இறங்கும். பல டீசல் எஞ்சின்களில் ஓட்ட வேகத்தில் சதுர சென்டிமீட்டருக்கு 3 முதல் 5 கிலோ, மெதுவோட்டத்தில் 1 கிலோ அளவு என்பது பொதுக்கணக்கு. சரியான எண்ணை அந்தந்த எஞ்சினின் கையேடே சொல்லும்.

பேரிங் தேய்ந்தால் இடைவெளி பெருகும், எண்ணெய் எளிதாக வழிந்தோடும், அழுத்தம் குறையும். இவருடைய எஞ்சினில் நடந்தது இதுவே. கடலுக்குப் போவதற்குச் சில வாரம் முன்பே முள் தாழ்ந்திருக்கிறது. கரையில் பழுது பார்த்தவர் வழக்கத்தைவிடக் கெட்டியான எண்ணெயை ஊற்றி, அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரிலீஃப் வால்வின் திருகையும் இறுக்கிவிட்டார். முள் ஏறியது. தேய்ந்த பேரிங் தேய்ந்தபடியே இருந்தது.

அதாவது நோயைக் கேட்காமல் காய்ச்சல்மானியைத் திருத்தினார்கள்.

அந்தத் திருகு இருப்பது தவறில்லை. சில எஞ்சின்களில் ஸ்பிரிங்கின் இறுக்கத்தைக் கூட்டவும் குறைக்கவும் அது உண்டு. ஆனால் அது கடைசியில் தொட வேண்டியது. முதலில் டிப்ஸ்டிக்கை உருவி எண்ணெயின் அளவைப் பார்க்க வேண்டும். பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. நீர்த்து டீசல் வாடை வீசினால் எரிபொருள் இறங்கியிருக்கிறது. வடிகட்டி அடைத்திருக்கிறதா, வால்வில் அழுக்குச் சிக்கியிருக்கிறதா, கேஜே பொய் சொல்கிறதா என்று வேறொரு கேஜை மாட்டிப் பார்க்க வேண்டும். எல்லாம் சரி என்றான பிறகே, சூடேறிய எஞ்சினில், கையேடு சொல்லும் எண்ணுக்குத் திருகை அமைக்கலாம்.

கடலில் இன்னொரு குறிப்பும் உண்டு. படகு ஒருபக்கம் சாயும்போது மட்டும் முள் துடித்து விழுந்தால், எண்ணெய் குறைந்து உறிஞ்சுகுழாய் காற்றைக் குடிக்கிறது என்று பொருள். பாய் விரித்து நெடுநேரம் சாய்ந்தே ஓடும் படகுகளில் எஞ்சினை இயக்குவோர் இதற்காகவே அஞ்சுவர். நம் படகுகள் ஆனி ஆடிக் கடலில் உருளும்போதும் இதுவே கதை. முள் சட்டென்று விழுந்தால் வலையைவிட எஞ்சின் பெரிது. உடனே நிறுத்த வேண்டும்.

இவ்வளவையும் நான் எங்கே அறிந்தேன்? அவர் வீட்டிலேயே பிளாஸ்டிக் உறையில் பத்திரமாகச் சுற்றி வைத்திருந்த கையேட்டில். அது முழுக்க ஆங்கிலம். மாணவனும் நானும் அகராதியோடு இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் உட்கார்ந்து படித்தோம். அவன் தந்தை கேட்டுக்கொண்டிருந்தார். திருகைப் பற்றிய பகுதி வந்ததும் எழுந்து கடற்கரைப் பக்கம் போய்விட்டார்.

என் கருத்து இதுதான். கச்சான், வாடை, கொண்டல் என்று வீசும் காற்றுக்கெல்லாம் பெயர் வைத்திருந்த மக்கள் இவர்கள். பாய்க் கட்டுமரத்தின் அறிவு முழுவதும் தமிழில் இருந்தது. தந்தை சொல்ல மகன் கற்றான். எஞ்சின் வந்தபோது பொருள் மட்டும் வந்தது. அதன் அறிவு வேறு மொழியிலேயே தங்கிவிட்டது. வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்' லாஞ்சு வந்ததால் ஊர் பிளந்ததைச் சொல்கிறது. அந்த லாஞ்சின் வயிற்றுக்குள் நம் எழுத்து இன்னும் போதுமான அளவு இறங்கவில்லை. நெய்தல் திணையை ஆண்டுதோறும் பாடம் நடத்தும் நானும் இறங்கியதில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

மொழிபெயர்ப்பு என்றவுடன் 'உராய்வு நீக்கி நெய்ம அழுத்தமானி' என்று கிளம்பும் நம் துறைப் புலவர்களை எனக்குத் தெரியும். அது யாருக்கும் உதவாது. ஆயில் என்றும் பேரிங் என்றும் கேஜ் என்றும் அவர்கள் சொல்லும் சொற்களிலேயே, முள் விழுந்தால் என்ன செய்வது, எதை முதலில் பார்ப்பது, எதைத் தொடக்கூடாது என்று நான்கு பக்கம் எழுதினால் போதும். தமிழ்த் துறைகளும் பாலிடெக்னிக்குகளும் கூடி ஒரு பருவத்தில் முடிக்கக்கூடிய வேலை.

அதற்குக் காலமும் வாய்த்திருக்கிறது. நம் மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையும், சின்னமுட்டம் அடங்கிய கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையும் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். படகுகள் கரையேறி எஞ்சின்கள் பிரிக்கப்படும் மாதங்கள் அவை. பேரிங்கை மாற்றுவதா, திருகை இறுக்குவதா என்ற முடிவு அப்போதுதான் எடுக்கப்படுகிறது. பேரிங் மாற்றப் பணம் வேண்டும். திருகை இறுக்க ஒரு ஸ்பேனர் போதும். கடனில் ஓடும் படகில் எது நடக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் என்ன விலை கொடுத்து எதை வாங்குகிறோம் என்று அறிந்தாவது அந்த முடிவை எடுக்க ஒருவருக்கு உரிமை உண்டல்லவா?

நாங்கள் இருவரும் நான்கு பக்கங்களை எழுதி முடித்திருக்கிறோம். அவன் தந்தையிடம் வாசித்துக் காட்டினோம். மூன்று இடங்களில் சொல்லை மாற்றச் சொன்னார். மாற்றிவிட்டோம்.