சலங்கையைக் கழற்றிய பிறகு

தாய்மார்களே, நம் தோட்டத்துப் பெண் பிள்ளைகள் சிலர் கடல் தாண்டி ஜார்ஜ் டவுன் சென்று பரதம் பயில்கிறார்கள். சுவாமி சாந்தானந்த சரஸ்வதி 1981-இல் மலேசியாவில் தொடங்கிய நுண்கலைக் கோயிலுக்குப் பினாங்கிலும் கிளை உண்டு. அங்கே குழு நடனங்களும் நாட்டிய நாடகங்களும் அதிகம்.

மேடையேறும் வரை பூ, பொட்டு, ஒப்பனை எதிலும் நாம் குறை வைப்பதில்லை. மங்களம் ஆடித் திரை விழுந்ததும் நம் நினைவெல்லாம் பட்டர்வொர்த் ஃபெரிமேல்! பிள்ளையோ மூலையில் உட்கார்ந்து அழுகிறாள். தப்பாக ஆடிவிட்டாளோ, ஆசிரியை ஏசிவிட்டாரோ என்று பதறுகிறோம்.

அதெல்லாம் இல்லை. பத்துப் பேர் ஒரே தட்டில் கால் வைக்க மாதக்கணக்கில் பழகினார்கள். பக்கத்துப் பிள்ளையின் சலங்கையைக் கேட்டே அடவை மாற்றினாள். நாளை மாலை ஒத்திகை இல்லை. அந்தக் கூட்டமும் இல்லை. தனியாக ஆடியவளுக்குப் பெயரும் பாராட்டும் மிஞ்சும். குழுவில் ஆடியவளுக்குத் தோழிகள்தாமே எல்லாம்?

ஆகவே அவசரப்படுத்தாதீர்கள். சலங்கையைக் கண்ணில் ஒற்றிக் கழற்றட்டும். தோழிகளோடு கால் மணி நேரம் இருக்கட்டும். “யார் நன்றாக ஆடினது?” என்று மட்டும் கேட்காதீர்கள். ஆடுமுன் சரியாகச் சாப்பிட்டிருக்க மாட்டாள், சோறு போடுங்கள். திருஷ்டி கழிப்பதானால் கழியுங்கள், நான் குறுக்கே நிற்கவில்லை. படுத்தாலும் நெஞ்சுப் படபடப்பு அடங்கித் தூக்கம் வர நேரமாகும்.

திங்கட்கிழமை கணக்குப் பாடத்தில் அப்படிப்பட்ட பிள்ளை உள்ளங்கைச் சிவப்பைப் பார்த்துக்கொண்டிருந்தால் நான் அதட்டுவதில்லை. சாயம் இரண்டு மூன்று நாளில் தானே போய்விடும்.