மருந்து அடிக்கும் முன் இலையைத் திருப்புங்கள்

மண்ணாடிப்பட்டு கொம்யூனில் ஓர் ஊர் புதுச்சேரி என்றால் பக்கத்து ஊர் விழுப்புரம் மாவட்டம். எல்லைச் சாவடியில் வண்டியை நிறுத்தினால் மதுப்புட்டி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஏற்றி வரும் தென்னம்பிள்ளையின் அடியிலையைத் திருப்பிப் பார்க்க ஆளில்லை. கடந்த இருபது ஆண்டுகளில் நம் தோட்டங்களைப் படுத்திய பெரிய பீடைகளில் சில கன்றோடும் குச்சியோடும்தான் ஊர் ஊராகப் போயின. வந்த பிறகு அடிக்கும் மருந்தைவிட, வாங்கும் இடத்திலேயே தடுப்பதும், வந்துவிட்டால் அதன் இயற்கை எதிரிக்கு வழிவிடுவதும்தான் பலன் தருகின்றன என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று இருக்கிறது.

2008-இல் கோவைப் பகுதியில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, மெக்சிகோ பக்கத்துப் பூச்சி. பப்பாளியோடு நிற்காமல் மரவள்ளி, மல்பெரி, பருத்தி, வாசலில் நிற்கும் செம்பருத்தி என்று ஏறியது. விவசாயிகள் மாற்றி மாற்றி மருந்து அடித்தும் அடங்கவில்லை. காரணம் பூச்சியின் உடலிலேயே இருக்கிறது: மேலே மெழுகு மாவு, முட்டைகளுக்குப் பஞ்சுப் பை, தெளித்த மருந்து வழிந்துபோகும். செடியில் ஊரும் எறும்பு வேறு, மாவுப்பூச்சி சுரக்கும் இனிப்பு நீருக்காக அதைக் காவல் காக்கும். கடைசியில் பெங்களூரு தேசியப் பூச்சி ஆய்வு நிறுவனம் போர்ட்டோ ரிகோவிலிருந்து மூன்று வகை ஒட்டுண்ணிக் குளவிகளைத் தருவித்து, 2010 அக்டோபர் முதல் கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் துணையோடு வயல்களில் விட்டது. கண்ணுக்குச் சட்டென்று தெரியாத அந்தக் குளவி மாவுப்பூச்சிக்குள் முட்டையிடும். குஞ்சு உள்ளிருந்தே தின்னும். அடுத்த ஆண்டுக்குள் பீடை அடங்கிவிட்டது.

2016-இல் பொள்ளாச்சித் தென்னையில் தெரிந்த சுருள் வெள்ளை ஈயின் கதை இன்னும் தெளிவானது. ஓலையின் அடியில் சுருள் சுருளாக வெள்ளை மெழுகு. அது வடிக்கும் நீர் கீழிலைகளில் விழுந்து கரும்பூசணம் படரும். கறுத்த ஓலையைப் பார்த்துப் பயந்தவர்கள் விஷத்தைத் தேடினார்கள். ஆனால் வேறொரு வெள்ளை ஈயைத் தொடர்ந்து முன்பே இந்நாட்டுக்கு வந்திருந்த ‘என்கார்சியா’ குளவி இதையும் தின்னத் தொடங்கியிருந்தது. அதனால்தான் விஞ்ஞானிகள் மருந்து அடிக்காதீர்கள் என்றார்கள். தண்ணீரைப் பீய்ச்சுங்கள், மஞ்சள் ஒட்டும் பொறி வையுங்கள், கரும்பூசணத்துக்கு மைதாக் கஞ்சி தெளியுங்கள் என்பதே அவர்கள் சொன்ன வைத்தியம். அடியிலையில் கூட்டுப்புழுக்கள் கறுத்துக் கிடந்தால் குளவி வேலையில் இருக்கிறது என்று பொருள். அந்த நேரத்தில் அடிக்கும் மருந்து முதலில் குளவியைத்தான் கொல்லும்.

நர்சரி நடத்துபவர் கேட்கும் கேள்வி நியாயமானது: குளவி வரும்வரை நான் காத்திருந்தால், புள்ளி விழுந்த குரோட்டன்ஸை யார் வாங்குவார்? உண்மைதான். ஆனால் வாராவாரம் மருந்தடித்துப் பளபளக்கவைத்த செடியின் கணுவிடுக்கில் பஞ்சுப் பை அப்படியே இருக்கும். அது பொரிவது வாங்கியவர் வீட்டில். கெடுவது நர்சரியின் பெயர். வெளிநாட்டுக் குளவியைக் கொண்டுவருவது ஆபத்தில்லையா என்பது அடுத்த கேள்வி. கேட்க வேண்டிய கேள்விதான். தனிமைப்படுத்திய ஆய்வகத்தில் வைத்துச் சோதித்த பிறகே அப்படிப்பட்ட பூச்சியை வெளியே விட அனுமதி கிடைக்கிறது. எல்லாப் பீடைக்கும் குளவி கிடைக்குமா என்றால், கிடைக்காது. திண்டுக்கல் ஆயக்குடி கொய்யாத் தோப்புகளை வாட்டும் வேர்முடிச்சு நூற்புழு கன்றின் வேரோடும் பை மண்ணோடும் பரவுவது. இலை வெளுத்து மரம் சோரும்போது வேர் முழுக்க முடிச்சாகியிருக்கும். நட்ட தோப்பில் அதை முற்றாக ஒழிக்க வழியில்லை. கன்று வாங்கும்போதே ஒரு பையைக் கிழித்து வேரைப் பார்ப்பதுதான் வழி.

மாநிலம்விட்டு மாநிலம் செடி போவதைக் கட்டுப்படுத்த 1914-ஆம் ஆண்டுச் சட்டமே இடம் தருகிறது. புதுச்சேரியின் அளவும் சிறியது. ஊர்ப்புறங்களில் உழவர் உதவியகங்கள் இருக்கின்றன. குரும்பாப்பட்டில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. இவை சேர்ந்து நர்சரிகளை ஆண்டுக்கு இரண்டு முறை பார்த்து, நலமான கன்றுக்குச் சான்று தரலாம். நர்சரிக்காரர் புதிதாக இறக்கும் செடிகளை மூன்று வாரம் தனி மூலையில் வைக்கலாம். வாங்கும் நீங்களும் பூவைப் பார்த்து விலை பேசும் முன் இலையைத் திருப்புங்கள். எறும்பு வரிசையாக ஏறினால், வெள்ளைப் பஞ்சு தெரிந்தால், பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம்.