மையும் பிசினும்

விளக்குச் சுடரின் மேல் அகலொன்றைக் கவிழ்த்துப் பிடித்தால் அதன் உட்புறத்தில் கரி படியும். அக்கரியைச் சுரண்டி நீரிலிட்டுக் கலக்கினால் மை உண்டாகும் என்று எண்ணுவோர் பலர். அங்ஙனம் உண்டாவதில்லை. கரி நனையாது மிதக்கும். வலிந்து கலக்கினும் கட்டி கட்டியாய்த் திரண்டு, பின்னர் அடியில் தங்கிவிடும்.

இதற்குக் காரணம் யாது? கரியின் தனித்துகள் சில பத்து நானோமீட்டர் அளவினது. ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலட்சம் கூறாக்கினால் அதில் ஒரு கூறே நானோமீட்டர். இத்துணை நுண்ணிய துகள்கள் நெருங்கியவுடன் ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன. துகளின் குறுக்களவு பாதியானால் அப்பற்று பாதியாகக் குறையும். ஓடும் நீர் அதனை இழுக்கும் விசையோ நான்கில் ஒரு பங்காகிவிடும். ஆதலின் சிறியதைப் பிரிப்பதே அரிது.

அலகை இன்னும் விரைவாகச் சுழற்றினால் என்ன என்று கேட்கலாம். அலகு எழுப்பும் சுழிகள் நுண்ணிய கட்டியினும் பன்மடங்கு பெரியன. கட்டி ஆற்றுச்சுழியில் அகப்பட்ட துரும்புபோல் உடன் சுழலுமேயன்றி எளிதில் உடையாது. இதனை உணர்ந்தே இக்காலத்து மைத் தொழிற்சாலைகளில் கலத்தினுள் சிறுமணிகளை நிறைத்துச் சுழற்றுகின்றனர். மணிகளின் இடுக்கில் அகப்பட்ட கட்டி அரைபடுகின்றது. அம்மியும் குழவியும் செய்யும் தொழிலே இது. சுடரின் வெப்பத்திலேயே பிணைந்துவிட்ட துகட்கோவைகளோ இதற்கும் எளிதில் நெகிழா.

ஆயினும், பிரித்தலினும் பிரிந்ததைக் காத்தலே பெரிது. கலக்குதல் பிரிக்கவும் செய்யும், சேர்க்கவும் செய்யும். குடிநீர் நிலையங்களில் படிகாரமிட்டு நீரை மெல்லக் கலக்குவது, அழுக்குத் துகள்கள் மோதித் திரண்டு அடியில் படிதற்பொருட்டன்றோ! பண்டை எகிப்தியர் கரியோடு மரப்பிசினைச் சேர்த்தனர். சீனர் விலங்குத் தோலிற் காய்ச்சிய பசையைச் சேர்த்து, மைக்கட்டியைக் கல்லில் நீர்விட்டு மெல்ல உரைத்தனர். பிசின் துகளைப் போர்த்து, அடுத்த துகள் ஒட்டாதவாறு தடுக்கின்றது. அலகின் வேகத்தைச் சொல்லிப் பெருமை கொள்வார் உளர். கலத்தில் இட்ட பிசின் யாது என்பதே முதற்கண் வினவத்தக்கது.

பொன்னிலும் இதனைக் காணலாம். 1856-இல் லண்டனில் மைக்கேல் பாரடே என்னும் அறிஞர் நீரில் பொன்னை நுண்துகளாக விளைவித்தார்; நீர் மாணிக்கம்போற் சிவந்தது. சிறிது உப்பை இட்டதும் துகள்கள் திரண்டு, சிவப்பு நீலமாயிற்று. அப்பொற்றுகள்கள் ஓரின மின்னேற்றத்தால் ஒன்றையொன்று விலக்கி நிற்பன. உப்பு அவ்விலக்கத்தைத் தளர்த்திவிடும். உப்பிடாது விட்ட அவர்தம் பொன்னீர்க் குப்பிகளுட் சில அந்நகரத்து ராயல் நிறுவனத்தில் இன்றும் உள்ளன. அவற்றை ஒருவரும் கலக்கிக்கொண்டிருப்பதில்லை.