ஈராவ் மலைக்குப் புறப்படுமுன்

திரிங்காப்பிலிருந்து பிரிஞ்சாங் சாலையில் சென்று, சுங்கை பாலாஸ் தேயிலைச் சரிவுகளைக் கடந்து மேலேறினால், பாசி மூடிய வனத்தினுள் ஈராவ் மலைக்குப் பாதை பிரிகிறது. பகாங்குக்கும் பேராக்குக்கும் எல்லையாக நிற்கும் அச்சிகரத்தின் உயரம் 2,110 மீட்டர். பாதை தொடங்குமிடமே 2,000 மீட்டரை ஒட்டியிருப்பதால், நம் இளைஞர்கள் இதனைச் சாதாரண உலாவாகக் கருதிவிடுகிறார்களே என்பதுதான் என் கவலை.

அங்கே மனிதனைச் சோதிப்பது உயரமன்று, சேறு. ஈரப்பாசி போர்த்த வேர்களைக் கைகளால் பற்றி ஏறி, மறுபுறம் முழங்காலளவு சகதியில் இறங்கி, மீண்டும் ஏறுவதே பிரயாணம் முழுவதும். ஆகவே, விலையுயர்ந்த காலணியைவிட, ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுவோர் அணியும் மலிவான கறுப்பு ரப்பர்க் காலணியே, அதாவது 'அடிடாஸ் கம்போங்' என்று ஜனங்கள் அழைப்பதே, உத்தமம் என்பேன். மழைச்சட்டை, மாற்றுடை, தலைவிளக்கு, போதிய ஜலம் ஆகியவையும் அத்தியாவசியம்.

வன இலாகாவின் அனுமதிச் சீட்டையும் வழிகாட்டியையும் வீண் செலவென்று எண்ணலாகாது. இவ்வனங்களில் காணாமற்போனவரைத் தேடிக் கண்டுபிடிப்பது எளிதன்று. தாய்லாந்துப் பட்டு வியாபாரத்தில் பிரசித்தி பெற்ற ஜிம் தாம்சன், 1967 மார்ச் 26 அன்று இம்மலைப்பகுதியிலுள்ள தானா ராத்தாவில் தங்கியிருந்த பங்களாவிலிருந்து வெளியேறியவர், பெரும் தேடுதல் நடந்தும் அகப்படவேயில்லை.

பிற்பகல் மழை இம்மலைகளில் சகஜமாதலால், விடியற்காலையிலேயே புறப்பட்டு, இன்ன மணிக்குள் சிகரம் எட்டாவிடில் திரும்பிவிடுவதென்று வீட்டிலேயே நிச்சயித்து, அந்த நேரத்தை வீட்டாரிடமும் சொல்லிவிட்டுச் செல்லுங்கள்.