கற்றல் வேறு, கலத்தல் வேறு

மொழித்தூய்மை பேசுவோர் பிறமொழிகளை வெறுப்பவர் என்பது தமிழ்ப்பகைவர் நெடுநாளாகப் பரப்பிவரும் பொய். கேடு செய்வது கலப்பு, கல்வியன்று. பன்மொழி கற்றுத் தெளிந்த பாவாணரே அதற்குச் சான்று. ஆகவே, இத்தாலிய மொழியும் பண்பாடும் வரலாறு, இலக்கியம், சமயம், வணிகம் ஆகிய துறைகளோடு இணைந்த முதுகலைப் படிப்பாகத் தமிழகத்தில், அதுவும் வடசென்னையில், அமைதல் வேண்டுமெனத் தனித்தமிழ் அன்பரே முன்னின்று கேட்டல் தகும்.

ஏன் இத்தாலியம்? 1680-இல் இத்தாலியில் பிறந்த பெசுக்கி, இங்கு வந்து தமிழ் கற்று வீரமாமுனிவர் ஆனார். 3615 பாக்களால் தேம்பாவணி பாடினார். 1732-இல் சதுரகராதி தொகுத்தார். ஏகார ஓகார நெடில்களுக்குத் தனி வரிவடிவம் தந்தார். ஆனால், அவர்தம் கொடுந்தமிழ் இலக்கணமும், திருக்குறளின் அறம், பொருள் இரண்டற்குமான மொழிபெயர்ப்பும் இலத்தீனத்தில் எழுதப்பட்டவை. அவற்றை நேரே படிக்கவல்ல தமிழர் எத்துணையர்? ஆங்கிலன் வடித்துத் தந்ததையே தமிழன் இன்னும் பருகவேண்டுமா? தேம்பாவணியை முழுதுணர யாப்பறிவு மட்டும் போதாது. அவர் பிறந்த மண்ணின் காப்பிய மரபும் சமய வரலாறும் தெரிதல் வேண்டும். ஒருதுறைக் கல்வியால் இது கைகூடாது. இலத்தீனமும் உடன்சேர்ந்த பல்துறைக் கல்வியே இதற்கு வழி.

மற்றொரு பயனும் உண்டு. கற்றோர் இலத்தீனத்தையே உயர்வாகக் கொண்டிருந்த காலத்தில், தாந்தே தம் பெருங்காப்பியத்தை மக்கள்மொழியில் பாடினார். 1583-இல் புளோரன்சு நகரில் தோன்றிய மொழிக்கழகத்தின் பெயர் குருசுக்கா. தவிடு என்பது அதன் பொருள். தவிட்டைச் சலித்து மாவைக் கொள்வதுபோல் மொழியைத் துப்புரவாக்குவதே அதன் நோக்கம். 1612-இல் அக்கழகம் தன் அகரமுதலியை வெளியிட்டது. தனித்தமிழை எள்ளுவோர் இதனை அறிவரோ?

இனி, வடசென்னை ஏன்? இராயப்பர் பெயர் தாங்கிய இராயபுரமும், திருவொற்றியூரும், 2001-இல் இயங்கத் தொடங்கிய துறைமுகத்தையுடைய எண்ணூரும் உலகச் சரக்கை நாள்தோறும் காண்கின்றன. சுமையேற்றும் தொழிலாளியின் மக்களுக்கும் அக்கடல் சுமையை மட்டுமா தருதல் வேண்டும்? தில்லிப் பல்கலைக்கழகத்தில் இத்தாலியம் கற்பிக்கப்படுகிறது. தண்டையார்ப்பேட்டை ஏழைப்பிள்ளை தில்லிக்குச் சென்று தங்கிப் படிக்க இயலுமா? பழைய வண்ணாரப்பேட்டைத் தியாகராயர் கல்லூரி போன்ற இடத்தில், தமிழ்வழியே, கட்டணமின்றி இக்கல்வி தொடங்கட்டும். வேலை கிடைக்குமா என்று வினவுவோர், கடல்வணிகத்திற்கும் மொழிபெயர்ப்புக்கும் ஆவணக் காப்பகங்களுக்கும் மொழியறிந்தோர் வேண்டும் என்பதை எண்ணுக.

இத்தாலியர் ஒருவர் தமிழ் கற்றுத் தமிழுக்கு அகராதி தந்தார். தமிழர் இத்தாலியமும் இலத்தீனமும் கற்று, அவர் எழுதியவற்றைக் கலப்பற்ற தமிழில் பெயர்த்து வைப்பதே அதற்குக் கைம்மாறு. அரசும் பல்கலைக்கழகங்களும் விழித்தெழுக!