கரடிக்குத் தேதி குறிக்க முடியாதுங்க

பசு சினை பிடிச்ச தேதியைக் காலண்டர்ல குறிச்சு வெச்சா, ஒன்பது மாசம் கழிச்சு ஒரு வாரம் பத்து நாள் முன்னப் பின்ன கன்னு போட்டுடும். ஆட்டுக்கு 5 மாசம். கொல்லிமலையில சின்னப் பசங்களுக்கும் இது அத்துபடி. ஆனா கரடிகிட்ட இந்தக் கணக்கு செல்லாது.

கரடிக்குக் கர்ப்பகாலம் 6, 7 மாசம்னு புத்தகத்துல போட்டிருப்பாங்க. அவ்வளவு நாளும் குட்டி வயித்துல வளருதுன்னு அர்த்தமில்லை. நம்ம ஊர் தேன்கரடி பெரும்பாலும் பலா பழுக்குற கோடையில இணை சேரும். உண்டான கரு கர்ப்பப்பையில ஒட்டாம, வளர்ச்சியை நிறுத்திட்டு மாசக்கணக்குல காத்துக் கிடக்கும். அப்புறம் ஒட்டி, பொதுவா ரெண்டு மாசம் போல வளர்ந்து பொறக்கும். எப்போ ஒட்டும்னு வெளியில இருந்து யாரும் சொல்ல முடியாது. பாண்டாவையே பாருங்க, இணை சேர்ந்த நாள் உயிரியல் பூங்காக்காரங்களுக்குத் தெரிஞ்சிருந்தும், சிலது 3 மாசத்துல குட்டி போடும், சிலது 5 மாசம் இழுக்கும்.

அதனால கரடிக்கு நாளை எண்ணாம பருவத்தைத்தான் பாக்கணும். இந்தியாவுல தேன்கரடி குட்டி போடறது பெரும்பாலும் நவம்பர்ல இருந்து ஜனவரிக்குள்ள. பாறை இடுக்கு, குகைதான் பிரசவ அறை. ஒண்ணு ரெண்டு குட்டி, கண்ணு திறக்கவே 3 வாரம் ஆகும். ஆரம்ப நாட்கள்ல தாய் சாப்பாட்டைக்கூட விட்டுட்டுக் குட்டியோடயே கிடக்கும். ரெண்டு மூணு மாசம் போனதும் முதுகுல ஏத்திக்கிட்டு வெளிய வரும்.

இப்ப உங்க காலண்டரைப் பாருங்க. அரையாண்டு லீவு, கிறிஸ்துமஸ், நியூ இயர், பொங்கல் எல்லாமே அதே மாசங்கள்தான். 70 கொண்டை ஊசி வளைவு ஏறி வர்றவங்கள்ல சில பேர் பாதையை விட்டு இறங்கி, பாறைச் சந்துல டார்ச் அடிச்சுப் பாக்குறாங்க, செல்ஃபி எடுக்குறாங்க. உள்ள குட்டியோட தாய் இருந்தா அதுக்கு ஓட வழி கிடையாது. பாஞ்சுதான் வரும். மனுசனுக்கு மூஞ்சி போகும், பழி கரடி மேல விழும்.

கரடிக்காகச் சுற்றுலாவை நிறுத்தச் சொல்றீங்களான்னு கேப்பீங்க. இல்லைங்க. நீங்க வந்தாத்தான் எங்க மிளகும் வாழையும் நாலு காசு பாக்கும். நவம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும் பாதையை விட்டு விலகின குகைக்கும் பாறைக்கும் யாரும் போகக்கூடாதுன்னு அடிவாரத்துலயே போர்டு வைக்கணும், அவ்வளவுதான். விறகுக்குப் போற எங்க சனத்துக்கும் அதே கட்டுப்பாடு வேணும். மாசி, பங்குனியில கரட்டுல தீ வைக்கிற பழக்கத்தையும் விடணும். குட்டிங்க வெளிய தலைகாட்டுறது அப்போதான்.

1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோட முதல் அட்டவணையில கரடி இருக்கு. அந்தப் பாதுகாப்பு அது பொறக்குற குகை வாசல்ல இருந்தே தொடங்கட்டும். மார்கழியில மலைக்கு வாங்க, அருவியைப் பாருங்க, பாறைச் சந்தை மட்டும் விட்டுடுங்க.