வழுவும் வழுவமைதியும்

இலக்கணங் கற்பிப்போர் வழுவை ஏழு வகையாகப் பகுத்துரைப்பர். திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என்னும் ஏழிலும் முறை தவறி வருவது வழு. அங்ஙனம் தவறி வந்ததாயினும், தக்கதொரு காரணம் பற்றிச் சான்றோர் ஏற்றுக்கொண்டது வழுவமைதி. காரணமின்றி எந்த வழுவும் அமைதி பெறுவதில்லை. இந்தச் சிறு பாடத்தை நெடுங்காலம் வகுப்பறையிலே சொல்லி வந்தவன் நான். அதனை மறுபடியும் கற்றுக்கொண்டது அண்மையில், ஒரு கைத்தொலைபேசியின் சின்னஞ்சிறு திரையைப் பார்த்தபோதுதான்.

மருதனார்மடச் சந்தியிலிருந்து கூப்பிடு தூரத்திலே இருக்கிறது என் வீடு. சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1913ஆம் ஆண்டிலே நிறுவிய மகளிர் கல்லூரியும், பிற்காலத்திலே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்ட இராமநாதன் நுண்கலைக் கழகமும் இவ்வூருக்கு வாய்த்த செல்வங்கள். ஆகையால், எங்கள் அயலிலே ஏதாவதொரு வீட்டில் வீணையோ வயலினோ ஒலிக்காத காலை அரிது. என் பக்கத்து வீட்டு இளைஞனின் தங்கையும் இசை பயில்பவள். அவளுக்காகவும் அவளுடைய தோழிகளுக்காகவும் எழுபத்திரண்டு மேளகர்த்தா இராகங்களையும் வரிசையாகக் காட்டி, ஒன்றைத் தொட்டால் அதன் ஆரோகண அவரோகணங்களைத் தரும் ஒரு செயலியை ஆக்கத் தொடங்கியிருந்தான் அந்த இளைஞன். நல்ல முயற்சி. ஆனால் மூன்று நாளாக அவன் முகத்திலே களையில்லை. நான்காம் நாள் மாலை கணினியைக் கையில் ஏந்திக்கொண்டு என் திண்ணைக்கு வந்து சேர்ந்தான்.

“எல்லாம் சரியாய்த்தான் இருக்குது மாஸ்ரர். ஆனால் போனிலே போட்டால் பிழைக்குது” என்றான்.

கணினி நூல் நான் கற்றதன்று. ஆயினும் பிழை தேடுவது என் தொழிலாய் இருந்ததால், “காட்டு, பார்ப்போம்” என்றேன். அன்று கண்டவற்றை இங்கே எழுதுவதற்குக் காரணம் உண்டு. அந்த இளைஞனின் இடர் அவனுடையது மட்டுமன்று. நம் மொழி இந்தப் புதிய கருவிகளுக்குள் எவ்வாறு குடியேறுகின்றது என்பதும், நம் மாணாக்கர் பிழையை எவ்வாறு எதிர்கொள்கின்றனர் என்பதும் அதனுள் அடங்கியிருக்கின்றன.

முதலிலே, அறியாதார் பொருட்டு ஒரு விளக்கம். அன்ட்ரொயிட் கைத்தொலைபேசிகளுக்குச் செயலி ஆக்குவோர் பெரும்பாலும் அன்ட்ரொயிட் ஸ்ரூடியோ என்னும் கருவியைக் கையாளுகின்றனர். 2013ஆம் ஆண்டில் அறிமுகமான கருவி அது. திரையில் எந்த எழுத்து எங்கே நிற்க வேண்டும், எந்தப் பொத்தான் எவ்வளவு அகலம் என்பனவற்றை எழுதிவைக்கும் ஏட்டுக்குத் தளக்கோலக் கோப்பு என்று பெயர். அது எக்ஸ்.எம்.எல். என்னும் எழுத்துமுறையிலே அமைவது. அங்கே திறந்த ஒட்டு ஒவ்வொன்றும் மூடப்படல் வேண்டும். ஒன்றினுள் ஒன்று அடங்க வேண்டும். ஒரு கோணற்குறி விடுபட்டாலும் கருவி அக்கோப்பை ஏற்காது. 2021ஆம் ஆண்டு முதல், தனிக் கோப்பு எழுதாமல் நிரலுக்குள்ளேயே திரையை வரையும் புதுமுறையொன்றும் வழக்கில் பரவி வருகின்றது. எனினும் பழைய கோப்புகளும் அவற்றின் வழுக்களும் இன்னும் நம்மிடையே ஏராளம்.

அவனுக்கு நேர்ந்த முதல் வழு நகைப்புக்குரியது. கோப்புக்குப் பெயரிடும்போது முதலெழுத்தை ஆங்கிலப் பெரிய எழுத்தாக இட்டிருந்தான். அக்கருவியிலே தளக்கோலக் கோப்பின் பெயரில் சிறிய ஆங்கில எழுத்தும், எண்ணும், அடிக்கோடும் மாத்திரமே வரலாம். பெயர் பிழைத்ததால் திரைக்குரிய உறுப்புகளின் அட்டவணை உருவாகவில்லை. அட்டவணை இல்லாததால் அதனைச் சுட்டிய நிரல் வரிகள் யாவும் சிவந்து நின்றன. இளைஞன் அந்தச் சிவந்த வரிகளையே ஒவ்வொன்றாகத் திருத்தப் புகுந்து ஒரு நாளைப் போக்கியிருந்தான். கிணற்றிலே விழுந்த அழுக்கை அகற்றாமல் குடங்களைக் கழுவிக்கொண்டிருந்ததற்கு ஒப்பாயிற்று அவன் செயல். வழு தோன்றும் இடம் வேறு, வழுப் பிறக்கும் இடம் வேறு என்பதே இங்குப் பெறப்படும் பாடம்.

இரண்டாவது வழு இன்னும் நுட்பமானது. கணினியின் முன்காட்சியிலே பொத்தான்கள் தத்தம் இடத்தில் அழகாக நின்றன. கைத்தொலைபேசியிலோ எல்லாம் இடப்பக்க மேல்மூலையிலே ஒன்றன்மேல் ஒன்றாய்க் குவிந்து கிடந்தன. காரணம் இதுதான். அவன் கையாண்ட அமைப்பிலே ஒவ்வோர் உறுப்பும் பக்கத்து உறுப்போடோ திரையின் விளிம்போடோ பிணைக்கப்படல் வேண்டும். கிடைநிலையில் ஒரு பிணைப்பாயினும், நிலைக்குத்தாக ஒரு பிணைப்பாயினும் இன்றியமையாதன. அவன் கையால் இழுத்து வைத்த இடத்தைக் கருவி முன்காட்சிக்காக மட்டும் குறித்து வைத்துக்கொண்டது. செயலி ஓடும்போது அந்தக் குறிப்பு செல்லாது. கயிறு கட்டாத பந்தலை நாலுபேர் கையால் தாங்கிக்கொண்டு நிற்கும்வரை அது பந்தலாகவே தோன்றும். கையை எடுத்ததும் சரிந்துவிடும். பிணைப்பு இல்லை என்று கருவி முன்னரே எச்சரித்திருந்தது. அந்த எச்சரிக்கையை அவன் படிக்கவில்லை. எச்சரிக்கையைப் படிப்பார் யார்?

இவ்விரண்டும் தீர்ந்த பின்னரே மூன்றாவது வழு கண்ணுக்குப் புலனாயிற்று. என் மனத்தை வருத்தியது அதுவே. பதினைந்தாவது மேளத்தின் பெயர் மாயாமாளவகௌளை. பொத்தானிலே ‘மாயாமாளவ’ என்ற பகுதி மட்டும் நின்றது, ‘கௌளை’ கீழே விழுந்து மறைந்தது. இருபத்தொன்பதாவது மேளமாகிய தீரசங்கராபரணமும் அவ்வாறே பாதியிலே அறுந்து நின்றது. பொத்தானின் அகலத்தையும் உயரத்தையும் எண்ணால் அறுதியிட்டு எழுதியிருந்தான். ஏன் அந்த எண் என்று கேட்டேன். முன்காட்சியில் ‘ராகா’ என்ற ஆங்கிலச் சொல்லை மாதிரிக்கு இட்டு, நான்கு ஆங்கில எழுத்துக்கும் பொருந்துமாறு அளவைத் தீர்மானித்தானாம். தமிழ்ப் பெயர்கள் பின்னர் வேறொரு கோப்பிலிருந்து வந்து புகுந்தன. வீட்டைக் கட்டி முடித்த பிறகு, குடியிருக்க வருபவர் உயரமானவர் என்பது தெரியவந்தது.

அப்பொழுது அவன் சொன்ன பரிகாரந்தான் இக்கட்டுரைக்கு வித்து.

“எழுத்தைக் கொஞ்சம் சின்னனாக்கிவிட்டால் எல்லாம் அடங்கிப்போம் மாஸ்ரர்.”

அடங்கும், மறுக்கவில்லை. ஆனால் அதனைத் திருத்தம் என்று சொல்லலாமா? வழுவை நீக்காமல், காரணமும் காட்டாமல், அதற்கு அமைதி கற்பித்து விடுவதே அல்லவா அது? அன்ட்ரொயிட் முறையிலே எழுத்தின் அளவுக்கென்று ஒரு தனி அலகு உண்டு. கண்பார்வை குன்றியவர் தம் கைத்தொலைபேசியில் எழுத்தைப் பெரிதாக்கினால், அவ்வலகில் எழுதப்பட்டவை யாவும் கூடவே பெரிதாகும். இன்று சிறுக்கச் செய்து அடக்கிய பெயர், நாளை ஒரு முதியவர் கையிலே பெரிதாகி மீண்டும் அறுந்து நிற்கும். எழுத்தையும் அசையா அலகிலே பூட்டிவிட்டாலோ, முதியவர் வேண்டிய உதவி அவருக்குக் கிட்டாது. உண்மையான திருத்தம் எளிது. உள்ளிருக்கும் சொல்லுக்கு ஏற்ப விரிக என்று பொத்தானுக்குச் சொல்லிவிட வேண்டும். குறைந்த உயரத்தை மட்டும் வரையறுத்து, கூடிய உயரத்தைச் சொல்லுக்கே விட்டுவிட வேண்டும். இரண்டு வரிகளை மாற்றினான். மாயாமாளவகௌளை முழுமையாய் எழுந்து நின்றது.

இஃது ஒரு பொத்தானின் கதை என்று எவரும் தள்ளிவிட வேண்டாம். தமிழிலே வரும் செயலிகளையும் படிவங்களையும் அறிவித்தற் பலகைகளையும் சற்றே உற்றுப் பாருங்கள். ஆங்கிலத்துக்கு அளந்த இடத்திலே தமிழ் ஒடுங்கி உட்கார்ந்திருப்பதைப் பலவற்றில் காண்பீர்கள். சொற்கள் வெட்டுண்டிருக்கும், எழுத்துச் சிறுத்திருக்கும், வரிகள் நெருக்குண்டு விசிறியும் கொம்பும் தேய்ந்திருக்கும். பகை கொண்டு எவரும் அப்படிச் செய்தாரல்லர். வரைந்தவர் தமிழை வைத்து வரையவில்லை. வரைந்து முடித்துவிட்டுத் தமிழை ஊற்றினார். இதிலே பெரிதும் வருந்தத்தக்கது, அவ்வாறு வரைந்தவர்களுள் நம்மவரும் இருப்பதே.

கருவிக்கேற்ப மொழியைக் குறுக்குவதா, மொழிக்கேற்பக் கருவியை நெகிழ்ப்பதா என்ற வினா நமக்குப் புதியதன்று. யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குழியிலே 1886ஆம் ஆண்டு பிறந்து, மலாயா சென்று வாழ்ந்த இராமலிங்கம் முத்தையா தமிழ்த் தட்டச்சுப் பொறியை உருவாக்க முனைந்தபோது இதே வினாவுக்கு முகங்கொடுத்தார். ஆங்கிலத்துக்கென்று அமைந்த பொறியில் விசைகள் சில, தமிழ் எழுத்துகளோ இருநூற்று நாற்பத்தேழு. தட்டியதும் தாள் நகராதபடி சில விசைகளை அமைத்து, அவற்றால் குறியையும் எழுத்தையும் ஓரிடத்திலேயே சேர்த்துப் பொறிக்க வழிசெய்தார். மொழியை வெட்டாமல் பொறியை மாற்றினார். யுனிக்கோட்டிலே தமிழ் 1991ஆம் ஆண்டில் இடம் பெற்றபின், எழுத்து இல்லை என்ற குறை நீங்கிற்று. அவ்வெழுத்து நிற்பதற்கு இடம் விடுவது மட்டுமே இன்று செயலி ஆக்குவோர் மீதுள்ள கடன். முத்தையா பட்ட பாட்டில் நூறில் ஒரு பங்கும் இதற்கு வேண்டியதில்லை.

இனி, பிழை தேடும் முறை பற்றி ஒரு சொல். அந்த மூன்று நாளும் இளைஞன் என்ன செய்தான் என்று விசாரித்தேன். யாரோ சொன்னபடி கருவியை மூடித் திறந்தான். வேறு யாரோ சொன்னபடி சேமிப்பை அழித்து மறுபடி கட்டினான். இன்னொருவர் கோப்பிலிருந்து பத்து வரிகளைப் பெயர்த்து ஒட்டினான். ஒட்டிய வரிகள் புதிய வழுக்களைக் கொணர்ந்தன. இடையிலே கருவி தந்த செய்தியை அவன் ஒரு முறையேனும் முழுவதும் வாசிக்கவில்லை. மருந்துச் சீட்டை அயலவனிடம் இரவல் வாங்குபவனுக்கு நோய் தீருவது தற்செயல்.

மருதனார்மடத்திலிருந்து கிழக்கே உரும்பிராயையும் நீர்வேலியையும் கடந்து சென்றால் சிறுப்பிட்டி என்னும் ஊர் வரும். 1832ஆம் ஆண்டு அங்கே பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை வீரசோழியத்தை 1881இலும், கலித்தொகையை 1887இலும் பதிப்பித்தவர். செல்லரித்த ஏடுகளை வைத்துக்கொண்டு ஒரு நூலைப் பதிப்பிப்பது எத்தகைய தொழில் என்பதை ஆசிரியப் பெருமக்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஏட்டோடு ஏட்டை ஒப்பிட வேண்டும். எங்கே வேறுபடுகின்றன என்று காண வேண்டும். வழு எந்தப் படியிலே புகுந்தது என்று பின்னோக்கிச் செல்ல வேண்டும். காரணம் தெரியாமல் ஒரு புள்ளியைக்கூட மாற்றலாகாது. தளக்கோலக் கோப்பிலே வழு தேடுவதற்கும் இதனினும் சிறந்த முறை இல்லை. நேற்று ஓடிய படியோடு இன்று ஓடாத படியை ஒப்பிடுக. பாதியை நீக்கிப் பார்க்க. வழு போயிற்றாயின் அது நீக்கிய பாதியில் இருந்தது, போகவில்லையாயின் எஞ்சிய பாதியில் இருக்கின்றது. ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்றுக. நம் முன்னோர் ஏட்டுச்சுவடியிலே காட்டிய பொறுமையை நம் பிள்ளைகள் எக்ஸ்.எம்.எல். கோப்பிலே காட்டினால் போதும்.

“இக்காலத்திலே செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் நொடியிலே திருத்திய கோப்பைத் தருகிறதே, இத்தனை பாடு எதற்கு?” என்று கேட்போர் உண்டு. கேட்பதில் குற்றமில்லை. ஆயினும் எழுத்தைச் சிறுக்கச் செய்வதும் ஒரு விடை, பொத்தானை விரியச் செய்வதும் ஒரு விடை. இரண்டும் திரையில் அடங்கத்தான் செய்யும். இவற்றுள் எது திருத்தம், எது வெறும் மறைப்பு என்று தீர்ப்பதற்கு வழுவின் காரணத்தை அறிந்த ஒருவர் வேண்டும். அந்த அறிவு மாணாக்கனிடம் இல்லையாயின், கிடைத்த விடையே அவனுக்குச் சரியான விடை.

ஆகவே, தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு இரண்டு வேண்டுகோள்கள் விடுக்கின்றேன். முதலாவது, புதிதாக ஆக்கும் பயிற்சியோடு நில்லாமல், வேண்டுமென்றே மூன்று வழுக்களை இட்ட கோப்பொன்றை மாணவர் கையிலே கொடுங்கள். வழு எது, அது பிறந்த இடம் எது, காரணம் என்ன என்று எழுதிய பின்னரே திருத்தத் தொடங்கட்டும். வழூஉச் சொல்லைத் தந்து திருத்துக என்று தமிழ் வினாத்தாளிலே நாம் கேட்பதில்லையா? இரண்டாவது, திரை வரையும் நாளிலேயே தமிழை, அதிலும் உள்ளவற்றுள் மிக நீண்ட சொல்லை, மாதிரியாக இடச் சொல்லுங்கள். மாயாமாளவகௌளைக்கு இடம் விட்ட பொத்தானிலே கீரவாணி தாராளமாக அமரும்.

அந்த இளைஞனின் செயலி இப்போது எங்கள் அயலிலே சில வீடுகளில் வழங்குகின்றது. சென்ற வாரம் அவனுடைய பாட்டியார், எழுத்தை மிகப் பெரிதாக்கிய தம் கைத்தொலைபேசியில் அதனைத் திறந்து, பேர்த்திக்கு இராகப் பெயர்களை வாசித்துக் காட்டினார். ஒரு பெயரும் அறுந்து நிற்கவில்லை. இடையிலே கண்ணாடியைத் தேடி அவர் எழவும் இல்லை.